என் மெஷினில் கேட்கவில்லை

அந்தப் பையைக் கொஞ்சம் தள்ளி வை, அம்மா. எனக்கு இல்லை, இந்த லேப்டாப்புக்கு. மடியில் வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. ஜன்னலோரம் நீயே இரு. குழந்தைக்குக் காற்று வேண்டும்.

நான் இறங்குவது திருச்சி. நீ திண்டுக்கல்லா? சரி. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் இது ஓடும்போது கைக்கு வேலை கிடையாது. கைக்கு வேலை இல்லையென்றால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

என்ன பார்க்கிறாய்? இந்த எழுத்தெல்லாம் மேலே ஓடுகிறதே, அதுவா? கம்பைல் ஆகிறது. நான் எழுதுவது மனுஷன் படிக்கிற மாதிரி இருக்கும். அதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்ற வேண்டும். பஞ்சைக் கொடுத்தால் நூல். நூலைக் கொடுத்தால் துணி. அவ்வளவுதான். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

இது ஒரு பிளக்இன். பாட்டு ரெக்கார்ட் செய்கிற சாஃப்ட்வேர் இருக்கிறதல்லவா, அதற்குள் மாட்டிக்கொள்வது. உன் வீட்டு மிக்ஸிக்கு ஜார் மாதிரி. மோட்டார் அவனுடையது, ஜார் என்னுடையது. அதை மாட்டினால் சட்னி வரும். இதை மாட்டினால் எதிரொலி வரும்.

பெயர் குடோன்.

சிரிக்காதே. ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த மில்லில் பஞ்சுக் குடோன் ஒன்று. வருஷத்தில் ஒரு வாரம் காலியாகக் கிடக்கும். உள்ளே போய்க் கை தட்டினால் சத்தம் சுவரெல்லாம் சுற்றிவிட்டு ஆற அமரத் திரும்பி வரும். அதை அப்படியே பிடித்துக் கம்ப்யூட்டருக்குள் வைத்தேன். இப்போது யார் எங்கே உட்கார்ந்து பாடினாலும் அந்தக் குடோனில் நின்று பாடுகிற மாதிரி கேட்கும். பிரேசிலில் ஒருத்தன் தேவாலயப் பாட்டுக்குப் போடுகிறான். அவன் வாயில் குடோன் நுழையவில்லை. 'குதாவ்' என்று சொல்லி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். குதாவாம்.

காசா? காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எழுதியதையும் பார்க்கலாம், திருத்தலாம். ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்கிறோம். செய்கிறோம் என்ன, நான் செய்கிறேன். அவர்கள் குறை சொல்கிறார்கள்.

குறை என்றால் சாதாரணக் குறை இல்லை. போன ஐப்பசியிலிருந்து ஒரே பாட்டு. விசில் வருகிறதாம்.

விசில், அம்மா. நான் கம்பைல் செய்து வெளியிடுகிற பதிப்பில், பில்ட் என்போம். யாரும் பாடாமல், யாரும் வாசிக்காமல், சும்மா மாட்டி வைத்தாலே உள்ளே ஒரு விசில் மெல்லிசாக ஊதிக்கொண்டே இருக்கிறதாம். கோயம்புத்தூரில் ஒருத்தர் எழுதுகிறார். போலந்திலிருந்து ஒருத்தன் எழுதுகிறான். பிரேசில்காரனும் சேர்ந்துகொண்டான். எல்லாருக்கும் ஒரே பதில்தான் போட்டேன். என் மெஷினில் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்றால் கேட்கவில்லைதானே? இல்லாததை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

கொஞ்சம் இரு. விருதுநகர் வருகிறது. வண்டி நிற்கட்டும், போட்டுக் காட்டுகிறேன். நீயே சொல்லு.

இதோ. இது போன மாதம் வெளியிட்டது. லேப்டாப் ஸ்பீக்கரிலேயே வைக்கிறேன். பாட்டு ஒன்றும் இல்லை, வெறும் பிளக்இன் மட்டும். சத்தம் முழுசாக ஏற்றியிருக்கிறேன். பார், கிணற்றடி மாதிரி அமைதி.

அடடா, குழந்தை எழுந்துவிட்டதா? எதற்கு இப்படி வீறிட்டு அழுகிறது? பசியாக இருக்கும். பால் கொடு, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அங்கே பார், ப்ளாட்பாரத்தில் படுத்திருந்த நாய்கூட எழுந்து இந்தப் பக்கம் பார்க்கிறது. அதற்கும் பசிதான். வடைக்காரன் வரும்போதெல்லாம் இப்படித்தான்.

நிறுத்திவிட்டேன், நிறுத்திவிட்டேன். குழந்தையும் நிறுத்திவிட்டது. சமத்து.

என்ன? நீயும் ஏதோ கேட்டாயா? ஃபேன் சத்தமாக இருக்கும். ரயில்வே ஃபேனுக்குப் பேரிங் போய்விட்டால் அப்படித்தான் ஊதும். எனக்குத் தெரியாத பேரிங்கா? முப்பத்தி நாலு வருஷம் அந்த மில்லில் மெயின்டனன்ஸ். நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் ஓடும்போது நடந்துகொண்டே போவேன். இருபதாவது ஸ்பிண்டில், நாளைக்குள் போய்விடும் என்பேன். போய்விடும். முதலாளி மகன் அமெரிக்காவில் படித்துவிட்டு ஒரு கருவி வாங்கி வந்தான், அதிர்வைப் பார்க்க. அது காட்டுவதற்கு முன்னால் நான் சொன்னேன். 'நாயகம் சார் காது இருக்கும்போது கருவி எதுக்குப்பா' என்று பெரியவரே சொன்னார். கோமதிநாயகம் என்பது என் பெயர். மில்லில் நாயகம்.

காதில் அடைப்பான் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். சட்டம். இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு எல்லாரும் காதில் பஞ்சை வைத்துக்கொள்வோம். பஞ்சு மில்லில் பஞ்சுக்கா பஞ்சம். அவர் போனதும் எடுத்துவிடுவேன். காதை மூடிக்கொண்டு மெஷினை எப்படிக் கேட்பது? சத்தத்துக்குள்ளே இருந்து பழகின காது இது. ஊரில் இப்படி ஒரு காது கிடையாது.

தூ. இங்கே பார்.

நின்றுவிட்டது. சிவப்பில் என்னமோ எழுதுகிறது. இடம் இல்லையாம், டிஸ்கில். முக்கால்வாசி தாண்டி வந்துவிட்டு இடம் இல்லை என்கிறது. இதை முதலிலேயே சொன்னால் என்ன?

எதையாவது அழிக்கலாம் என்கிறாயா? உனக்கென்ன, போனில் நாலு போட்டோவை அழித்துவிட்டு வேலையைப் பார்ப்பாய். இங்கே எதை அழிப்பது? இதெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கை தட்டிப் பிடித்த சத்தம், இதைத் தொட முடியாது. இந்த மலை மாதிரி இருப்பது, இவர்கள் அனுப்பிய ஆதாரம். விசில் கேட்கிறது, விசில் கேட்கிறது என்று ஆளாளுக்கு ரெக்கார்ட் செய்து அனுப்பியது. எல்லாவற்றையும் கேட்டேன். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. இதையும் அழிக்க முடியாது. இன்றைக்குத் திருச்சியில் எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டப்போகிறேனே.

மிச்சம் இருப்பது இந்த பில்ட் ஃபோல்டர்தான். பெரிதாக ஊதிக் கிடக்கிறது.

இதை நான் அழிப்பதில்லை, அம்மா. பழக்கம். கம்பைல் ஆன துண்டுகளையெல்லாம் இதற்குள்தான் சேர்த்துவைக்கும். அடுத்த தடவை மாறினதை மட்டும் செய்தால் போதும். ஹசீனா ஓயாமல் சொல்வாள், 'அந்த ஃபோல்டரைத் தூக்கிப் போட்டுட்டு மொதல்லேர்ந்து ஒரு தடவை கட்டுங்க சார்' என்று. எதற்கு? பட்டன் தைக்க வேண்டும் என்றால் சட்டையையே பிரிக்கச் சொல்வாளா? இந்த லேப்டாப்பில் முதலிலிருந்து கட்டினால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும்.

வேறு வழியில்லை. பாட்டரி வேறு இறங்குகிறது. இந்தப் பிளக்கில் என் சார்ஜர் நிற்க மாட்டேன் என்கிறது. கையால் பிடித்தால் ஏறுகிறது, விட்டால் விழுகிறது.

போகட்டும். அழித்துவிட்டேன். போ.

இதோ முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஒரு சதம். இரண்டு. பாட்டரியைப் பார், அது அந்தப் பக்கம் இறங்குகிறது. இது ஏற வேண்டும், அது இறங்கக் கூடாது. எது முந்துகிறது என்று பார்ப்போம்.

ஹசீனா யாரா? திருச்சியில் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறாள். முதலில் எனக்கு ஆளைத் தெரியாது. ஒரு நாள் நான் எழுதினதில் ஒரு தப்பு இருக்கிறது என்று யாரோ திருத்தி அனுப்பியிருந்தார்கள். பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. யாரடா இவன் என்று பார்த்தேன். அவள். நல்ல பெண். கெட்டிக்காரி. என்னைச் சார் சார் என்பாள். பெருநாளைக்கு வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் பிரியாணிப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்படிப்பட்டவளும் இப்போது அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

'சார், ஒரு விசில் வருது சார்.' எனக்கு வரவில்லையே, அம்மா. 'நான் என் மெஷினில் கட்டினா வரலை சார். நீங்க கட்டி அனுப்புறதில் மட்டும்தான் வருது.' அதைத்தானே நானும் சொல்கிறேன்! என் மெஷினிலும் வரவில்லை, உன் மெஷினிலும் வரவில்லை. பிறகு எங்கே வருகிறது? நடுவழியிலா?

உடனே ஒரு படம் அனுப்பினாள். சத்தத்தைக் கோடாக வரைந்து காட்டுகிற படம். தரை மாதிரி சமமாகப் போகிற கோட்டில், வலது பக்கம் ஒரே ஒரு இடத்தில் முள் மாதிரி ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. 'இதுதான் சார் விசில்.' என் திரையில் திறந்து பார்த்தேன். என் திரையிலும் முள் நின்றது. நின்றால்? காதுக்குக் கேட்காதது படத்தில் தெரிந்தால் படத்தில்தான் கோளாறு. அந்தப் படம் வரைகிற பகுதியை எழுதியதும் நான்தான். கார்த்திகை, மார்கழி முழுக்க அதைத்தான் நோண்டினேன். பொங்கலுக்குள் முள்ளை எடுத்துவிட்டேன். இப்போது கோடு கண்ணாடி மாதிரி போகிறது.

அவள் என்ன எழுதினாள் தெரியுமா? 'சார், நீங்க விசிலை எடுக்கலை சார், தெர்மாமீட்டரை உடைச்சிருக்கீங்க.' எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதினாள். பத்துப் பேர் சிரித்தார்கள். பிரேசில்காரனும் சிரித்தான், அவனுக்கு யார் மொழிபெயர்த்துச் சொன்னார்களோ.

எனக்குக் கோபம் வராதா?

நானும் எழுதினேன். அதே இடத்தில். என் பில்டில் விசில் இருக்கிறது என்று என் முன்னால் காட்டுங்கள். காட்டிவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.

சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. இதோ இந்த பென்டிரைவில் இருக்கிறது, சட்டைப்பையில். புதுப் பதிப்பு வெளியிடும்போது இதை வைத்து முத்திரை போட வேண்டும். முத்திரை இருந்தால்தான் அது குடோன். இல்லையென்றால் யாரோ செய்த ஏதோ ஒன்று. முதல் நாளிலிருந்து இது என்னிடம்தான். லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று கம்ப்யூட்டர் மூன்று ரகம், மூன்றுக்கும் நான்தான் இந்த லினக்ஸ் லேப்டாப்பில் உட்கார்ந்து கட்டுவேன். ஒரே துணி, மூன்று பேருக்கு மூன்று அளவில் சட்டை. விண்டோஸ்காரனுக்குக் கைப்பக்கம் பிடிக்கும், மேக்காரனுக்குக் கழுத்துப்பக்கம். எல்லாவற்றையும் இழுத்துச் சரி செய்து, முத்திரை போட்டு அனுப்பிவிட்டுத்தான் சாப்பிடப் போவேன்.

இது இல்லையென்றால் நான் என்ன செய்வது? காலையில் எழுந்து என்ன செய்வது, சொல்லு. பேப்பர் படித்தால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது.

இன்றைக்கு மத்தியானம் ஹசீனா வீட்டில் கூடுகிறோம். நல்ல ஸ்பீக்கரெல்லாம் வைத்திருக்கிறார்களாம். என் கையால் கட்டின புதுப் பதிப்பை அங்கே வைத்துக் கேட்பார்கள். விசில் இருந்தால் சாவி அவளுக்கு. இல்லையென்றால் இனிமேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இருக்காது. எனக்குத் தெரியும்.

இருபத்தெட்டு சதம். மெதுவாகத்தான் போகிறது. எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வருகிறேன். பார்த்துக்கொள், யாரும் தொடக் கூடாது.

வந்துவிட்டேன். திருமங்கலம் போய்விட்டதா? நடக்கக்கூட இடமில்லை, வழியெல்லாம் சாக்கு மூட்டை.

என்ன கேட்டாய்? கொஞ்சம் வாயைத் திறந்து பேசு, அம்மா. இந்தக் காலத்துப் பெண்கள் எல்லாரும் முணுமுணுக்கிறீர்கள். என் மனைவி இருக்கிறாள், முன்னெல்லாம் அடுப்படியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் தெருவுக்கே கேட்கும். இப்போது கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். நேரே வந்து தோளைத் தட்டுகிறாள். வயதானால் பெண்களுக்குக் குரல் அடங்கிவிடும்போல. குக்கரும் அப்படித்தான். விசில் வராமலே இறக்கிவிடுகிறாள். சோறு எப்படியோ வெந்திருக்கிறது.

ஆமாம், ஐப்பசிக்கு முன்னால் விசில் இல்லை என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். ஐப்பசியில் என்ன செய்தேனா? நீ என்ன, வக்கீலா? ஒன்றும் செய்யவில்லை. கம்பைலர் புதிது போட்டேன். அதில்தான் ஏதாவது வினை இருக்க வேண்டும் என்று பழையதைப் போட்டுப் பார்த்தேன், வேறொன்றைப் போட்டுப் பார்த்தேன். எதைப் போட்டாலும் என் காதுக்கு ஒரே மாதிரி. கடிதம் வருவதும் நிற்கவில்லை.

வேறு ஒன்றும் இல்லை. டிஸ்க் அப்போதும் நிரம்பியிருந்தது, ஒரு ஃபோல்டரைத் தூக்கினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முன்பு இரண்டு ஃபோல்டர் வைத்திருந்தேன். ஒன்று வெளியிடுவதற்கு. இன்னொன்று சோதனைக்கு. சோதனை ஃபோல்டரில் கட்டினால் உள்ளே ஒரு ஊதல் சேர்ந்து வரும். நானே வைத்தது. இடது காதுச் சத்தம் வலது காதுக்கு மாறிப்போகிறதா என்று பார்க்க. கொசு காதோரம் ஊதுமே, அந்த மாதிரி ஊதும். அந்த நாளில் அதைக் கேட்டாலே பல் கூசும் எனக்கு. ஐப்பசியில் இடம் போதவில்லை. எதற்கு இரண்டு என்று இரண்டையும் திறந்து கேட்டுப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. கொசு எப்போதோ போய்விட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு இரண்டு? ஒன்றைத் தூக்கிவிட்டேன்.

எதையா? ஏதோ ஒன்றை. இரண்டும் ஒன்றுதானே.

மதுரை. இங்கே நிறைய நேரம் நிற்பான். காபி வேண்டுமா? வேண்டாமா. எனக்கும் வேண்டாம். ஐம்பத்தாறு சதம். பாட்டரி நாற்பது.

இந்தா, இதைக் காதில் மாட்டு. நல்ல ஹெட்போன். குழந்தை தூங்கட்டும், அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம். விருதுநகரில் போட்டதே, அதே பழையதுதான். இப்போது ஃபேன் இல்லை, நாய் இல்லை. நிம்மதியாகக் கேள். கேட்டுவிட்டுச் சொல்லு.

ஏன் கழற்றிவிட்டாய்? இப்போதுதானே போட்டேன்.

ஊதுகிறதா?

நீ யார், அம்மா, ஹசீனாவுக்குச் சொந்தமா? திருச்சியிலிருந்து சொல்லி அனுப்பினார்களா? கொடு இப்படி. எங்கே ஊதுகிறது? நானும் மாட்டியிருக்கிறேன். எங்கே? வெறும் குடோன். காலிக் குடோன். உனக்கு ரத்தம் கம்மியாக இருக்கும். பிள்ளை பெற்றவர்களுக்கு அப்படி இரையும். டாக்டரிடம் காட்டு.

சரி. நான் ஒன்றும் பேசவில்லை. வேடிக்கை பார்.

தூங்கிவிட்டாயோ என்று நினைத்தேன். சோழவந்தான் தாண்டியாகிவிட்டது. கோபமா? எனக்குத்தான் கோபம், உனக்கென்ன. நீ கேட்டதைச் சொன்னாய். சொல்லச் சொன்னதும் நான்தான்.

தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. பாட்டரி ஒன்பது. வெளிச்சத்தைக் குறைத்துவிட்டேன், நீ பார்க்க முடியாது. வா, வா. நூறு.

முடிந்தது. லினக்ஸுக்கு மட்டும்தான். மற்ற இரண்டுக்கும் பாட்டரி இல்லை. முதலில் இதைப் பத்திரமாக பென்டிரைவில் போட்டுக்கொள்கிறேன். இருக்கட்டும்.

இந்தா. கடைசியாக ஒரு தடவை. இது புதிது. மாட்டிக் கேள்.

இல்லையா? ஒன்றும் இல்லையா? நல்லாக் கேள். நான் திட்டினேன் என்று பயந்து சொல்லாதே. நிஜமாக இல்லையா?

இப்போது? இது பழையது.

ஊதுகிறதா. முகத்தைச் சுளிக்காதே. இரு, கழற்றாதே. திரும்பி ஜன்னலைப் பார்த்து உட்கார். திரையைத் துண்டால் மூடிக்கொள்கிறேன். நான் மாற்றி மாற்றிப் போடுவேன், எது என்று சொல்ல மாட்டேன். இருந்தால் இருக்கு என்று சொல்லு. இல்லையென்றால் இல்லை. ஊகிக்காதே. மில்லில் புதிதாக வருகிறவனை இப்படித்தான் சோதிப்பேன், நல்ல பேரிங் ஒன்று, கெட்ட பேரிங் ஒன்று. ஒருத்தனும் தேறியதில்லை.

ம். சொல்லு. ம். இப்போது? ம். இது? மாற்றவே இல்லை, அதேதான், இருந்தாலும் சொல்லு. ம். ம். இப்போது?

போதும். கழற்று.

ஒன்றுகூடத் தப்பவில்லை.

இரு. பேசாதே. ஒரு நிமிஷம் பேசாதே.

மாறினது எது? எழுதினது மாறவில்லை. ஒரு வரி மாறவில்லை, பதிப்பு எண்ணைத் தவிர. கம்பைலர் அதே. மெஷின் அதே. ஃபோல்டர்தான் புதிது. ஒரு பில்ட் ஃபோல்டர் முதல் நாள் தனக்குச் சொன்னதை மறக்காது. நீ கோப்பில் என்ன மாற்றி எழுதினாலும் ஆரம்பத்தில் சொன்னதையே பிடித்துக்கொண்டு நிற்கும். சோதனை ஃபோல்டர் என்றால் என்றைக்கும் சோதனைதான். அவள் மெஷினில் புது ஃபோல்டர். அங்கே கொசு இல்லை. என் மெஷினில்...

ஐப்பசியில் தப்பான ஃபோல்டரைத் தூக்கியிருக்கிறேன்.

இது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. யாருக்கும் நடக்கும். படித்தவன், எழுதினவன், எல்லாருக்கும் நடக்கும். ஃபோல்டர் கோளாறு. ஹா! பார்த்தாயா? இப்போது புது பில்டில் விசில் இல்லை. நீயே சாட்சி. திருச்சியில் எந்த ஸ்பீக்கரில் வேண்டுமானாலும் வைக்கட்டும், சத்தமே இருக்காது. நான் ஜெயித்தேன். சாவி என்னிடம்தான். ஹசீனா முகத்தைப் பார்க்க வேண்டும். என் மெஷினில் கேட்கவில்லை என்றேனே, இப்போது எந்த மெஷினிலும் கேட்காது.

இரண்டையும் திறந்து கேட்டேன். ஐப்பசியில். இரண்டையும் கேட்டேன், அம்மா. பல் கூசுகிற சத்தம் அது.

அந்த ஹெட்போனைக் கொடு.

ஒன்றும் இல்லை. ஒரு ஊதலைப் போட்டு அதன் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டு வருகிறேன். எந்த இடத்தில் எனக்குக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பாட்டரி இரண்டு சதம் இருக்கிறது. போதும். கொசுவின் இடம் இது. சரி, கீழே. இன்னும் கீழே. வண்டிச் சத்தம் வேறு. இன்னும்.

இன்னும்.

ம்.

எங்கே கேட்டது என்று உனக்கு எதற்கு? சொல்ல மாட்டேன். உன் குழந்தை அழுகிற சத்தத்தில் மேல்பாதி எனக்கு வந்திருக்காது, அதை மட்டும் தெரிந்துகொள். பாதியே வீறிட்டு அழுத மாதிரிதான் இருந்தது.

திரை போய்விட்டது. பாட்டரி முடிந்தது. நல்லது.

யார் போன்? என்னுடையதா? அடிக்கிறதா? நீ சொன்னால் சரி. கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். அவள்தான்.

ஹலோ. ஹசீனா. வந்துக்கிட்டிருக்கேன்மா. திண்டுக்கல் வரப்போவுது. சத்தமாப் பேசு. ஆமா. புது பில்ட் இருக்கு, மொதல்லேர்ந்து கட்டினது. ஆமா, ஃபோல்டரை அழிச்சேன். சிரிக்காத. லினக்ஸுக்கு மட்டுந்தான். மத்த ரெண்டையும் உன் மெஷின்லயே கட்டிரு. முத்திரையா? பென்டிரைவ் என் பையிலதான் இருக்கு, வந்து தர்றேன். என்ன? இல்ல, விசில் இல்லன்னுதான் நெனைக்கிறேன். நான் நெனைக்கிறதெல்லாம் எதுக்கு. நீ கேட்டுச் சொல்லு. ஆமா, நீதான். இனிமே வெளிய விடுறதுக்கு முன்னால நீ கேட்டுச் சொல்லு. அழுவுறியா என்ன? லைன் சரியில்ல. வைக்கிறேன்.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? ஃபோல்டர் கோளாறு என்றுதானே சொன்னேன். பையை எடுத்துக்கொள். இந்தப் பால் புட்டி உருண்டு கிடக்கிறது பார். குழந்தையை நான் பிடித்துக்கொள்கிறேன், நீ செருப்பைப் போடு. கனமாகத்தான் இருக்கிறான். சமத்து. தூங்குகிறான்.

நல்ல காது இவனுக்கு. மில் பக்கம் விட்டுவிடாதே.

பெயர் என்ன வைத்திருக்கிறாய்?

என்ன? இன்னொரு தடவை சொல்லு. இந்த ரயில் சத்தத்தில் கேட்கவில்லை.

நின்றுவிட்டதா?

சரி. இந்தக் காதுப் பக்கம் வந்து சொல்லு.